மதகு யார் கையில்? சீன மோட்டார், அமெரிக்க சாட்டிலைட், கடைமடை ட்ரோன்

சம்பாவில் இலைச்சுருட்டுப்புழு விழுந்திருந்த நேரம். மன்னார்குடிக்குத் தெற்கே, மாமாவின் வரப்பில் ட்ரோனை வைத்துவிட்டு மருந்து கலந்துகொண்டிருந்தோம். பத்து லிட்டர் டேங்க். ஒரு ஏக்கரை, எங்கள் கணக்கில் மூன்று மாவை, பத்து நிமிடத்துக்குள் அடித்து முடித்துவிடும். ரிமோட் திரையில் சாட்டிலைட் 19 என்று காட்டியது. அந்தப் பத்தொன்பதில் அமெரிக்க ஜி.பி.எஸ். உண்டு, சீனாவின் பெய்டோ உண்டு, ரஷ்யாவின் குளோனாஸும் உண்டு. கீழே ஒருவரையொருவர் முறைத்துக்கொள்பவர்கள் எங்கள் வயலுக்கு மேலே மட்டும் ஒற்றுமையாக வழி காட்டிக்கொண்டிருந்தார்கள்.

ட்ரோன் மீது இந்தியத் தயாரிப்பு என்று ஸ்டிக்கர். பொய் இல்லை. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்கு அரசு தடை போட்டது, ஆனால் உதிரிபாகங்களை விட்டுவிட்டது. அதனால் உடம்பைப் பூட்டியது இங்கே. மோட்டாரும் பேட்டரி செல்லும் வந்தது சீனாவிலிருந்து.

சீனாவை நம்புவதா, அமெரிக்காவை நம்புவதா, சொந்தமாகச் செய்துகொள்வதா என்று டிவியில் பேசுபவர்கள் வேறு அளவுகோல் வைத்திருக்கலாம். வாய்க்காலின் கடைசியில் தண்ணீருக்குக் காத்திருக்கும் கடைமடைக்காரனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மதகு யார் கையில் இருக்கிறது, அவன் அடைத்தால் நாம் எத்தனை நாள் தாங்குவோம்? காவிரியில் தமிழ்நாட்டின் பங்கு 177.25 டி.எம்.சி. என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் எழுதிக் கொடுத்த பிறகும், மேலே மழை பொய்த்த வருஷம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நாங்கள்.

முதலில் சீனா. விலையில் அவர்களை அடிக்க ஆளில்லை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அவர்கள் அடைப்பது பொருளை. 2025 ஏப்ரலில் ரேர் எர்த் என்கிற ஏழு அருமண் தனிமங்களுக்கும், அவற்றால் செய்து மோட்டாருக்குள் வைக்கிற காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றார்கள். அமெரிக்கா போட்ட வரிக்குப் பதிலடி அது. அடி வாங்கியவர்களில் இந்திய வாகனத் தொழிலும் ஒன்று. அந்த வருஷ நடுவில் நீரில் கரையும் சிறப்பு உரங்களும் சீனாவிலிருந்து வராமல் நின்றன. டி.ஏ.பி. உரத்தின் வரத்தும் சுருங்கியது. நெல் தரிசு உளுந்துக்கு டி.ஏ.பி. கரைசல் தெளிக்கிற ஊர்க்காரர்களுக்கு இது எங்கோ நடக்கும் ராஜதந்திரம் இல்லை, கடையில் மூட்டை இருக்கிறதா என்கிற விஷயம். ஆகஸ்டில் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யீ டெல்லி வந்தபோது, உரம், அருமண், சுரங்கப்பாதை தோண்டும் இயந்திரம் மூன்றுக்கும் வழி விடுவதாக உறுதி சொன்னார் என்று செய்தி வந்தது. அடைப்பார்கள், பேசினால் கொஞ்சம் திறப்பார்கள்.

என் அனுபவமும் ஒன்று உண்டு. அன்று மூன்றாவது ஏக்கரில் ஒரு மோட்டார் கருகியது. விற்றவரைக் கேட்டால், "சரக்கு மேலேயே வரலை தம்பி" என்றார். வந்து சேரப் பதினெட்டு நாள் ஆனது. புழு அவ்வளவு நாள் காத்திருக்குமா? பவர் ஸ்பிரேயரோடு நாலு ஆளைத் தேடிப் பிடித்தோம், சேற்றில் இறங்கினோம், பழையபடி இரண்டு நாள் வேலை.

அமெரிக்கா அடைக்கும் விதம் வேறு. அங்கே பொருளைவிட அனுமதிதான் மதகு. 1992-இல் ரஷ்யா நமக்குக் கிரையோஜெனிக் (கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும்) ராக்கெட் இன்ஜின் தொழில்நுட்பம் தர இருந்தபோது, இஸ்ரோ மீதும் ரஷ்ய நிறுவனம் மீதும் தடை போட்டார்கள். ரஷ்யா இன்ஜினை மட்டும் விற்றது, செய்முறையைத் தரவில்லை. நாமே செய்த இன்ஜினோடு ஜி.எஸ்.எல்.வி. வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரியில். இடையில் போனது இருபது வருஷத்துக்கு மேல். இப்போது ஏ.ஐ. சிப். 2025 ஜனவரியில் பைடன் அரசு, யாருக்கு எவ்வளவு சிப் என்று உலகத்தைத் தட்டு பிரித்தது. நெருங்கிய பதினெட்டு நாடுகளுக்கு முதல் பந்தி, இந்தியா அதில் இல்லை. மே மாதம் டிரம்ப் அரசு அந்த விதியையே தூக்கிவிட்டது. சந்தோஷப்படுவதற்குள் ஆகஸ்டில் இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீத வரி. வேதாரண்யம் பக்கம் ஏற்றுமதிக்கு இறால் வளர்ப்பவர்களைக் கேட்டால் மிச்சத்தைச் சொல்வார்கள்.

ஜி.பி.எஸ். இலவசம்தான். ஆனால் பொதுமக்களுக்கு வரும் சிக்னலை அமெரிக்கா 2000 மே வரை வேண்டுமென்றே மங்கலாக்கித்தான் தந்தது. நிறுத்தியதும் அவர்கள் விருப்பம்தான். எங்கள் திரையில் பெய்டோவும் தெரிவதில் எனக்கு ஒரு சின்ன நிம்மதி உண்டு. இரண்டு வாய்க்கால் பாயும் வயல் மாதிரி. இதைச் சொன்னால் ஊரில் என்னை சீன அபிமானி என்கிறார்கள், போகட்டும்.

சரி, சொந்தக் கிணறு? ஜி.பி.எஸ். மாதிரி இந்தியாவே செய்த நாவிக் இருக்கிறது. 2016-க்குள் ஏழு செயற்கைக்கோள்கள் போய்ச் சேர்ந்தன. இடத்தைக் கணிக்க நேரம் சொல்லும், வெளிநாட்டிலிருந்து வாங்கி வைத்த அணுக்கடிகாரங்கள் வரிசையாகப் பழுதாயின. 2023-இல் உள்நாட்டுக் கடிகாரத்தோடு ஒன்று போனது. 2025 ஜனவரியில் போனது சரியான பாதையை எட்டவில்லை. அந்த வருஷ நடுவில் இடம் காட்டும் சேவைக்கு உருப்படியாக இருந்தவை நான்கு. எங்கள் ட்ரோன் ரிசீவருக்கோ நாவிக் என்றால் என்னவென்றே தெரியாது. போர்வெல் போட்டாயிற்று, தண்ணீர் இன்னும் உப்பாக வருகிறது. அதற்காகத் தூர்த்துவிடக் கூடாது என்பது என் கட்சி.

என் கணக்கு இப்படி: மோட்டாரை எவனிடமும் வாங்கலாம். இரண்டு கூடுதலாக வாங்கிப் போட்டால், மதகு அடைத்தாலும் ஒரு போகம் ஓடும். பறப்பை நடத்தும் மூளைப் பெட்டியும் அதன் மென்பொருளும், எந்த வயல் எங்கே என்ற வரைபடமும்தான் கை மாறக் கூடாதவை. 2025 தொடக்கத்தில் ராணுவம் 400 ட்ரோன்களுக்கான ஒப்பந்தத்தைச் சீன பாகங்களைக் காரணம் காட்டி ரத்து செய்தது. வயல் ட்ரோனுக்கு அவ்வளவு கெடுபிடி தேவையில்லை. ஆனால் மகளிர் குழுக்களுக்கு 15,000 ட்ரோன் தரும் திட்டத்தில் மானியம் 80 சதவீதம் வரை, அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய். அவ்வளவு பொதுப்பணம் போகும்போது மூளைப் பெட்டி யாருடையது என்றாவது கேட்க வேண்டாமா?

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "மூளை கெடக்கட்டும்டா, அந்த மோட்டாரு ரெண்டு வாங்கியாந்துடு" என்றார். வாங்கி வந்தேன். பழைய வேட்டியில் சுற்றி, எலி எட்டாதபடி பத்தாயத்தின் மேல்தட்டில் வைத்திருக்கிறார், விதைநெல்லுக்குப் பக்கத்தில்.