பெட்டியில் 60×60, கையில் 9: பைனாகுலர் வாங்கப் போகிறவர்களுக்கு

சிவப்புக் கண்ணாடி மின்ன, "60×60, ராணுவத் தரம், இரவிலும் துல்லியம்" என்று முகநூலில் ஒரு பைனாகுலர் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. வன்னியில் எங்கள் மல்லாவி, துணுக்காய்ப் பக்கத்து ஆட்கள் பலர் அதைப் பற்றி என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிக் களைத்துப்போனதால் எழுதுகிறேன். நான் அதை வாங்கியவன். 14,500 ரூபா போனது.

எனக்கு எதற்குப் பைனாகுலர் என்று கேட்பவர்களுக்கு: வவுனிக்குளத்தின் கீழே மூன்று ஏக்கர் செய்கிறேன். காலபோக நெல் குடலை தள்ளத் தொடங்கினால் காட்டுக்கரை யானைக்குச் செய்தி போய்விடும். பரணில் இருந்து பார்த்தால் காடு ஏறக்குறைய 400 மீற்றர். பொழுதுபட்டு ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில்தான் அவை வெளியே தலை காட்டும். வந்திருப்பது தனியனா கூட்டமா என்று அந்த நேரத்தில் தெரிந்தால் போதும், என்ன செய்வதென்று முடிவெடுக்கலாம். கூட்டமென்றால் ஒரு யானைவெடியோடு திரும்பிப் போகவும் கூடும். தனியன் வேறு கதை. வெடியைக் கேட்டு நம்மை நோக்கி வந்த தனியனையும் பார்த்திருக்கிறேன்.

ஆக எனக்கு வேண்டியது மங்கல் வெளிச்சத்தில் தெரியும் ஒரு சாமான். விளம்பரத்தில் "இரவிலும்" என்று போட்டிருந்தார்கள். விழுந்துவிட்டேன்.

பார்சல் வந்தது. உடைத்துப் பார்த்துவிட்டுக் காசு தருகிறேன் என்றேன். "காசு கட்டிப்போட்டுத்தான் உடைக்கலாம் அண்ணை, எங்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கு" என்றான் கொண்டுவந்த பெடியன். அவனில் பிழையில்லை. அந்த இடத்திலேயே நான் பார்சலைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

நடுப்பகலில் பார்த்தபோது பெரிதாகக் குறை தெரியவில்லை. பக்கத்து வளவுப் புளியமரம் கிட்ட வந்தது, சந்தோஷம். ஆனால் எல்லாம் ஒரு மாதிரிப் பச்சை தட்டியிருந்தது. காய்ந்த வைக்கோல்போர் பாசி பிடித்தது போலத் தெரிந்தது. கண்ணாடியின் சிவப்புப் பூச்சு செய்யும் வேலை அது. சிவப்பு வெளிச்சத்தை வெளியே திருப்பி அனுப்பிவிடுகிறது, மிச்சம்தான் கண்ணுக்கு வருகிறது. நல்ல பூச்சு என்றால் வெளிச்சத்தை உள்ளே விடும். இது விலை உயர்ந்த சாமான் மாதிரித் தோற்றம் காட்ட மட்டும் பூசியது.

அடுத்தது மின்கம்பி. றோட்டோரம் போகும் ஒற்றைக் கம்பியைப் பார்த்தேன். இரண்டாகத் தெரிந்தது, ஒன்றுக்கு மேல் ஒன்று. இரண்டு குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் கண்கள் தாமாகவே இழுத்துப் பிடித்து ஒன்றாக்கிவிடும், அதனால் கடையில் சட்டென்று தெரியாது. ஆனால் பத்து நிமிடத்தில் நெற்றிப்பொட்டில் வலி தொடங்கும். எனக்குக் கண்ணில் ஏதோ வருத்தம் என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொழுதுபட்டதும் பரணுக்குக் கொண்டுபோனேன். காட்டோரம் கறுப்பாக ஏதோ நின்றது. வெறுங்கண்ணால் பார்க்கவே கூடத் தெளிவாக இருந்தது. ஒரு இரவு பரணிலேயே விட்டுவிட்டு வந்தேன். தை மாதப் பனி. காலையில் கண்ணாடிக்கு உள்ளே ஆவி. வெளியே என்றால் சாரத்தால் துடைக்கலாம். உள்ளே எப்படித் துடைப்பது?

விற்றவர்களுக்கு எழுதினேன். முதல் நாள் "ஒரிஜினல் பீஸ் அண்ணா, பாவிக்கப் பாவிக்கச் சரியாகும்." இரண்டாம் நாள் "தண்ணி பட்டால் வாரண்டி இல்லை." தண்ணி படாத சாமான் என்று அவர்களே விளம்பரத்தில் போட்டிருந்ததைப் படம் எடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் என்னைத் தடை செய்துவிட்டார்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்று ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அங்கே சொல்வதென்றாலும் பற்றுச்சீட்டும் விற்றவர் முகவரியும் கையில் இருந்தால்தானே? என்னிடம் இருந்தது ஒரு முகநூல் பக்கத்தின் பெயர். அந்தப் பெயரும் அடுத்த கிழமை மாறிவிட்டது.

அப்புறம்தான் நோர்வேயில் இருக்கும் அத்தானோடு கதைத்தேன். அவர் அங்கே வேட்டைக்குப் போகிறவர். சிரித்துவிட்டு, தானும் இப்படி ஒருமுறை ஏமாந்ததாகச் சொன்னார், ரைபிளுக்குப் பூட்டும் ஸ்கோப்பில். அங்கே பெரிய மிருகம் சுடப் போகிறவர்கள் வருடாவருடம் சூட்டுச் சோதனை பாஸ் பண்ண வேண்டும். 30 வெடி பயிற்சி, அதற்குப் பிறகு 100 மீற்றரில் கலைமான் உருவம் போட்ட அட்டையில் ஐந்து வெடி. பயிற்சி வெடியிலேயே அவருடைய மலிவு ஸ்கோப் பல்லிளித்துவிட்டது. முதல் சில வெடி நடுவில், பிறகு ஒவ்வொரு உதைப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது. தன் கைதான் நடுங்குகிறதென்று நினைத்தாராம். நான் என் கண்ணைச் சந்தேகித்தது போல.

அவர் ஸ்கோப்பைச் சோதித்த விதம் எனக்குப் பிடித்துக்கொண்டது. ஸ்கோப்பின் மேலே திருகும் குமிழ் ஒரு "கிளிக்"குக்கு 100 மீற்றரில் ஒரு சென்ரிமீற்றர் நகர்த்தும் என்று அதில் எழுதியிருந்ததாம். பத்துக் கிளிக் மேலே திருகிச் சுட்டிருக்கிறார். பத்துச் சென்ரிமீற்றர் ஏற வேண்டியது ஏழுதான் ஏறியது. பத்துக் கிளிக் திரும்பக் கீழே இறக்கிச் சுட்டால் பழைய ஓட்டைக்குக் கிட்டவும் வரவில்லை. எத்தனை மடங்கு பெருக்கும் என்பதைவிட, திருப்பினால் திரும்பி வருகிறதா, உதைப்பைத் தாங்கி அதே இடத்தில் நிற்கிறதா என்பதுதான் ஸ்கோப்புக்கு முதல் கேள்வி என்றார். (என்னை ஏமாற்றிய பக்கத்திலும் ரைபிள் ஸ்கோப் விற்கிறார்கள். வன்னியில் அதை வாங்கி வீட்டில் வைத்திருந்து யார் யாருக்கு விளக்கம் சொல்வது? பைனாகுலரைக் கண்டதற்கே அம்மா "இதை ஏன் வீட்டுக்குள்ள கொண்டுவந்தனி" என்று முகம் வெளிறிப் போனார். போரில் பற்றரிக்கே தடை இருந்த காலத்தைக் கண்டவர்.)

பிறகு அத்தான் சொன்னார்: "அடிமட்டம் ஒன்று எடுத்துக்கொண்டு வா." மகனின் கொம்பாஸ் பெட்டியிலிருந்து எடுத்தேன்.

பைனாகுலரைக் கை நீட்டும் தூரத்தில், கண் வைக்கும் பக்கம் நம்மைப் பார்க்க, வெளிச்சமான வானத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். சூரியன் இருக்கும் பக்கம் வேண்டாம். கண் வைக்கும் கண்ணாடி நடுவில் ஒரு சின்ன வெளிச்ச வட்டம் தெரியும். அதன் குறுக்களவை அளக்கச் சொன்னார். எனக்கு 4 மில்லிமீற்றர். முன் கண்ணாடியை அளந்தேன், 35. முப்பத்தைந்தை நாலால் வகுத்தால் ஒன்பதுக்கும் கொஞ்சம் குறைவு. அதுதான் அந்தச் சாமானின் உண்மையான பெருக்கம். பெட்டியில் முதல் 60 பெருக்கம், இரண்டாவது 60 முன் கண்ணாடியின் அகலம் மில்லிமீற்றரில். இரண்டுமே பொய்.

அது உண்மையாகவே 60×60 ஆக இருந்திருந்தாலும் எனக்கு உதவியிருக்காது என்பதுதான் வேடிக்கை. முன் கண்ணாடியின் அகலத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் அந்த வெளிச்ச வட்டத்தின் அளவு வரும். அறுபதை அறுபதால் வகுத்தால் ஒன்று. ஒரு மில்லிமீற்றர் வட்டத்தால் மங்கல் பொழுதில் கண்ணுக்குள் என்ன வெளிச்சம் வரும்? இருட்டும்போது நம் கண்மணி ஐந்து மில்லிமீற்றருக்கு மேலும் விரியக்கூடியது. பத்து மடங்குக்கு மேல் போனால் கையில் பிடித்துப் பார்ப்பதும் கஷ்டம், நாடித் துடிப்புக்கூடக் காட்சியை ஆட்டிவிடும். எங்கள் தேவைக்கு 8×42 போதும். நாற்பத்திரண்டை எட்டால் வகுத்தால் ஐந்தேகால். பத்தாயிரம், பதினையாயிரம் ரூபாவுக்கு 60, 100 என்று எவராவது போட்டால் மேற்கொண்டு வாசிக்கவே தேவையில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். அந்த வெளிச்ச வட்டம் வட்டமாகவே இல்லை, நாலு பக்கமும் சீவியது போல மங்கல் ஓரம். உள்ளே வெளிச்சத்தை மடக்கித் திருப்பும் பட்டகக் கண்ணாடி மட்டமானது, ஓரத்து வெளிச்சத்தை விழுங்கிவிடுகிறது என்றார் அத்தான். நல்ல பட்டகக் கண்ணாடிக்கு பாக்-4 (BaK-4) என்று பெயர். ஆனால் பெட்டியில் பாக்-4 என்று அச்சடிக்கக் காசு செலவில்லை. வட்டத்தைப் பாருங்கள், பெட்டியைப் பார்க்காதீர்கள்.

இரண்டாவது பைனாகுலரை அறுவடைக்குப் பிறகு வவுனியாவில் ஒரு கடையில் நேரே போய் வாங்கினேன். அடிமட்டத்தோடு போனேன். கடைக்காரர் முதலில் ஒரு மாதிரிப் பார்த்தார், பிறகு தானும் அளக்கத் தொடங்கிவிட்டார். வாசலில் நின்று எதிர்க் கட்டடத்துக் கம்பியைப் பார்த்தேன், ஒற்றைக் கம்பியாகவே நின்றது. காட்சியைத் தெளிவாக்கும் நடுச் சில்லைத் திருகினேன், இழுபறியில்லை, ஆட்டமுமில்லை. உள்ளே நைதரசன் நிரப்பி அடைத்த சாமான், அதனால் பனிக்கு உள்ளே ஆவி பிடிக்காது. 38,000 ரூபா. முதலில் போன 14,500ஐயும் சேர்த்தால் எவ்வளவு என்று வீட்டுக்காரி கூட்டிச் சொல்லிவிட்டார், நான் இங்கே கூட்டவில்லை.

மழைக்காலத்தில் அதைப் பூட்டிய அலுமாரிக்குள் உடுப்போடு போட்டு வைத்துவிடாதீர்கள். கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம் பிடிக்கும், அது பூச்சை அரித்துவிட்டால் பிறகு துடைத்தும் பயனில்லை. சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பைகளை எறியாமல் சேர்த்து, இறுக மூடும் டப்பா ஒன்றில் அதோடு வைத்திருக்கிறேன்.

முந்தாநாள் பக்கத்து வயல்காரர் வந்து, தனக்கும் ஒரு பார்சல் வருகிறது என்றார். படத்தைக் காட்டச் சொன்னேன். பக்கத்தின் பெயர் புதிது, கண்ணாடி அதே சிவப்பு. இப்போது 80×80 ஆக வளர்ந்திருக்கிறது. காசு இன்னும் கட்டவில்லை என்றார். நேற்றுப் பார்சல்காரப் பெடியன் வந்தபோது நானும் படலையில் நின்றேன். அதே பெடியன். "வேண்டாம் தம்பி, திருப்பி அனுப்பு" என்றார் அவர். பெடியன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பார்சலைத் திரும்பச் சைக்கிள் பெட்டிக்குள் வைத்தான்.