கீழக்கரை வாசகசாலையில் ஐரோப்பிய வலதுசாரிகள் பற்றிய வகுப்பு: தாராளமாகப் போகலாம், குறிப்பேட்டில் மட்டும் கவனம்

கீழக்கரையில் கடற்கரைக்குப் போகும் தெரு ஒன்றில், மாடியில் இயங்கும் சின்ன வாசகசாலை அது. அங்கே நான்கு ஞாயிறு மாலைகளில் நடக்கும் வகுப்பைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஐரோப்பாவின் புதிய வலதுசாரி அறிவுஜீவிகளும், கிறிஸ்தவத்துக்கு முந்தைய பழஞ்சமயத்தின் மேல் அவர்களுக்கு இருக்கும் ஆர்வமும் என்பது பொருள். கட்டணம் 600 ரூபாய், மாணவர்களுக்குப் பாதி. நடத்துபவர் காரைக்காலில் பிரெஞ்சு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், மூல நூல்களைப் பிரெஞ்சிலேயே படித்தவர். இதற்கெல்லாம் நம் ஊரில் யார் வருவார்கள் என்று நினைக்காதீர்கள், இடம் இல்லாமல் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டவர்கள் உண்டு.

காரணம் இருக்கிறது. ஐரோப்பியர்கள் சர்ச்சுக்குப் போவதை விட்டுவிட்டுப் பல தெய்வ வழிபாட்டுக்குத் திரும்புகிறார்கள், நம் வழிக்கு வருகிறார்கள் என்கிற மாதிரி வாட்ஸ்அப் செய்தி இந்தப் பக்கம் கொஞ்ச காலமாகச் சுற்றுகிறது. அதைப் பார்த்துப் பெருமைப்பட்டவர்களும் வந்திருந்தார்கள், கலங்கிப்போனவர்களும் வந்திருந்தார்கள்.

முதல் வகுப்பு அருமை. பிரான்சின் தீவிர வலதுசாரிகள் ஏன் புத்தகத்தைக் கையில் எடுத்தார்கள் என்பதிலிருந்து சார் ஆரம்பித்தார். பிரான்சின் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவை ஆயுதம் எடுத்தும் தக்கவைக்க முடியவில்லை, 1962இல் அது கையை விட்டுப் போயிற்று. 1965 ஜனாதிபதித் தேர்தலில் அவர்களுடைய வேட்பாளருக்கு 5 சதவீதம் சொச்சம் வாக்குதான் விழுந்தது. ஆயுதத்தாலும் ஆகவில்லை, ஓட்டாலும் ஆகவில்லை என்ற நிலையில், அப்போது இளைஞராக இருந்த அலென் தெ பெனுவாவும் அவருடைய கூட்டாளிகளும் 1968இல் 'கிரேஸ்' என்ற ஆய்வு வட்டத்தைத் தொடங்கினார்கள். முதலில் படித்தவர்களின் மனதையும் பேச்சையும் மாற்று, ஆட்சி பின்னால் வரும் என்பது அவர்களுடைய வழி. இந்தப் பாடத்தை அவர்கள் கற்றது முசோலினியின் சிறையில் அடைபட்டுக் கிடந்த கம்யூனிஸ்ட் கிராம்ஷியிடமிருந்து! பத்தே வருஷத்தில், 1978இல், தெ பெனுவாவுக்கு பிரெஞ்சு அகாடமியின் பரிசு கிடைத்தது, ஃபிகாரோ நாளிதழின் வார இதழில் எழுத இடம் கிடைத்தது, அடுத்த வருஷம் கோடையில் பத்திரிகைகள் எல்லாம் 'புதிய வலது' என்று எழுதித் தள்ளின. இவ்வளவையும் எந்த இடத்திலும் வேகம் கூட்டாமல், ஒன்றிலிருந்து ஒன்று எப்படி வந்தது என்று புரியும்படி சொன்னார்.

இரண்டாவது வகுப்பு சமயம். 1981இல் தெ பெனுவா பழஞ்சமயத்துக்காகவே ஒரு நூல் எழுதினார். அதன் வாதத்தை சார் பலகையில் படிப்படியாக எழுதிக் காட்டினார். ஒரே கடவுளின் முன்னால் எல்லா மனிதரும் சமம் என்று யூத, கிறிஸ்தவ மரபு சொன்னது. அந்தச் சமத்துவம்தான் பின்னால் கடவுளைக் கழற்றிவிட்டு தாராளவாதமாகவும் மார்க்சியமாகவும் மனித உரிமையாகவும் உருவெடுத்தது. ஆகவே சமத்துவத்தை வேரோடு பிடுங்க வேண்டுமானால் கிறிஸ்தவத்துக்கும் முன்னால் போக வேண்டும். வாட்ஸ்அப் செய்தி அனுப்புகிறவர்கள் இந்த ஒரு இடத்தைப் படித்திருந்தாலே போதும். கிரேக்கரின் அப்போலோவுக்கோ வட ஐரோப்பியரின் ஓடினுக்கோ மறுபடி பலிபீடம் கட்டும் எண்ணம் இல்லை என்று தெ பெனுவாவே எழுதியிருக்கிறார், கும்பிடுவதற்காக அவருக்கு அந்தத் தெய்வங்கள் தேவைப்படவில்லை. நாம் முனியசாமிக்குப் பொங்கல் வைக்கிறோம், கிடா வெட்டுகிறோம், கடலுக்குப் போன பிள்ளை கரை திரும்பவில்லை என்றால் அதே சாமி முன்னால் நின்று மண்ணை வாரித் தூற்றுகிறோம். இப்படி எந்த உறவும் இல்லாத ஒரு தெய்வத்தை, மனிதர் சமம் என்பதை அடிக்கிற தடியாக மட்டும் எடுத்துக்கொள்வதைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

பழைய தெய்வங்களை உண்மையாகவே வணங்குகிறவர்களும் ஐரோப்பாவில் இருக்கிறார்கள், சார் அதை மறக்காமல் சொன்னார். ஐஸ்லாந்தில் 1972இல் தொடங்கி அடுத்த வருஷமே அரசு அங்கீகாரம் பெற்ற ஆசாத்ரு அமைப்பு இனவாதத்தை வெளிப்படையாக மறுக்கிறது. லித்துவேனியாவின் ரோமுவா சமயத்தார் தங்கள் அங்கீகாரத்துக்காக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2021இல் சாதகமான தீர்ப்பு வாங்கினார்கள். மனித உரிமை என்ற கருத்தையே தாக்கித் தனி நூல் எழுதியவர் தெ பெனுவா. நிஜமான பழஞ்சமயத்தார் போய் நின்றது அந்த உரிமையின் வாசலில்.

ஒரு குறை இங்கே. பல தெய்வ வழிபாடு இயல்பிலேயே சகிப்புத்தன்மை உள்ளது, ஒரே கடவுள் என்பதிலிருந்துதான் அடக்குமுறை வந்தது என்பது தெ பெனுவா கூட்டத்தாரின் இன்னொரு வாதம். 1957 முதுகுளத்தூர் சாதிக் கலவரத்தைப் பார்த்த மாவட்டம் நம்முடையது. ஊருக்கு ஊர் அத்தனை சாமி இருந்தும் சாதிக் கொடுமை குறையவில்லை. ஏர்வாடி தர்காவுக்கும் ஓரியூர் புனித அருளானந்தர் தேவாலயத்துக்கும் நேர்ந்துகொண்டு போகிறவர்களில் எல்லா மதத்தாரும் இருக்கிறார்கள், அதுவும் இதே மாவட்டம்தான். கடவுள் ஒன்றா பலவா என்று எண்ணிப் பார்ப்பதால் இந்த இரண்டில் எதுவும் விளங்காது. இதைக் கேட்டேன். அடுத்த வாரம் பேசலாம் என்றார், பேசவில்லை. இந்த ஊரில் நடக்கும் வகுப்பில் இதைப் பேசாமல் எதைப் பேசுவது?

மூன்றாவது வகுப்பைத் தவறவே விடாதீர்கள். 'வித்தியாசமாக இருக்கும் உரிமை' என்று புதிய வலதுசாரிகள் சொல்வதைப் பற்றியது. பழைய இனவாதி நீ தாழ்ந்தவன் என்பான். இவர்கள் உன் பண்பாடும் உயர்ந்ததுதான், அதை உன் மண்ணிலேயே வைத்துக்கொள் என்பார்கள். காதுக்கு இனிமையாக இருக்கும். மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து வந்திருந்த அக்கா ஒருவர் எழுந்து, "அப்போ என் தம்பிய எந்த மண்ணுக்குப் போகச் சொல்லுவாங்க சார்?" என்று கேட்டார். தம்பி இலங்கையில் பிறந்து, போருக்குத் தப்பி, பாரிஸில் லா ஷாப்பெல் பக்கம் கடையில் வேலை பார்க்கிறார். அந்தத் தெருக்களில்தான் வருஷா வருஷம் மாணிக்க விநாயகர் தேர் ஓடுகிறது. ஜெர்மனியில் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாளுக்கு 2002இல் பெரிய கோயிலே எழும்பிவிட்டது. பல தெய்வங்களைக் கும்பிட்டு வாழும் மனிதர்கள் ஐரோப்பாவில் வேண்டுமென்றால் இதோ இருக்கிறார்கள். இந்தக் கருத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்த, ஐரோப்பிய அடையாளத்தைக் காப்பதாகச் சொல்லும் அடையாளவாத இளைஞர் இயக்கம் திருப்பி அனுப்பக் கேட்டது இப்படிப்பட்டவர்களையும் சேர்த்துத்தான். சார் அந்த அக்காவுக்கு மழுப்பாமல் பதில் சொன்னார். அதற்காகவே 600 ரூபாய் தகும்.

நான்காவது வகுப்பு அவசரம். 2013இல் பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்துக்குள் தன்னைச் சுட்டுக்கொண்ட வலதுசாரி எழுத்தாளர் தொமினிக் வென்னர், அவர் நினைவாக அடுத்த வருஷம் எழுந்த இலியாட் நிறுவனம், ஜெர்மனியில் ஷ்னெல்ரோடா கிராமத்திலிருந்து நடந்த வலதுசாரி ஆய்வு நிறுவனம், 2021இல் பிரெஞ்சு அரசு கலைத்த அடையாளவாத அமைப்பு எல்லாம் பெயர்களாக ஓடின. 1928லேயே பழஞ்சமயப் பேரரசு பேசிய இத்தாலியர் எவோலா வரவே இல்லை. ரெனோ காமு என்ற எழுத்தாளர் 2011இல் தன் நூலுக்கு வைத்த 'மாபெரும் மாற்றீடு' (ஐரோப்பியர்களின் இடத்தைக் குடியேறிகள் பிடிக்கிறார்கள் என்ற வாதம்) என்ற தலைப்பையே 2019இல் நியூசிலாந்தில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவனும் தன் அறிக்கைக்கு வைத்தான் என்ற இடத்தில் மட்டும் நின்று பேசினார். வாசகசாலையைப் பார்த்துக்கொள்ளும் காக்கா (இந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் சொல்) அன்றைக்குக் கேட்ட கேள்விகளுக்கே இன்னொரு மாலை வேண்டியிருந்தது.

இப்போது குறிப்பேடு. நகலெடுத்து ஸ்பைரல் போட்டு 80 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். மொழிபெயர்ப்பு சுத்தம். ஆனால் அதில் இருப்பது முழுக்க அந்த வலதுசாரிகளின் வாதம். சார் வாயால் சொன்ன மறுப்பு ஒன்றுகூட அச்சில் இல்லை. வகுப்புக்கு வராத ஒருவர் அதைப் படித்தால் 'உன் பண்பாடும் உயர்ந்ததுதான்' என்ற பேச்சில் மயங்கிவிடுவார். இனிமையான சொற்களை ஊருக்குள் உலவவிடுவதுதான் அந்தக் கூட்டத்தின் ஐம்பது வருஷ உத்தி என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிட்டு, அதே சொற்களை மறுப்பில்லாமல் நாமே அச்சடித்துக் கொடுப்பது சரியில்லை. நேரிலேயே சொன்னேன், இங்கும் எழுதுகிறேன்: ஒவ்வொரு அத்தியாயத்துக்குப் பின்னாலும் வகுப்பில் வந்த கேள்வியையும் பதிலையும் சேருங்கள்.

மற்றபடி, இடைவேளையில் டீயும் தொதலும் உண்டு. மின்விசிறி போதாது. வகுப்பு எப்போதும் நேரம் தாண்டும், ராமநாதபுரம் போகிறவர்கள் பஸ் நேரத்தைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சுற்று நோன்புப் பெருநாளுக்குப் பிறகு என்றார்கள். போனில் பெயர் எழுத மாட்டார்கள், நேரில்தான் போக வேண்டும்.