நிதியமைச்சரிடம் கேட்பது எப்படி: நட்சத்திரக் கேள்வியா, எழுத்துக் கேள்வியா, ஆர்.டி.ஐ.யா?

வரி பற்றியோ வங்கி பற்றியோ மத்திய நிதியமைச்சகத்திடமிருந்து ஒரு விவரம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சங்கமோ நுகர்வோர் அமைப்போ கேள்வியைத் தயார்செய்து ஒரு எம்.பி.யிடம் கொடுக்கலாம். இல்லாவிட்டால் யாரையும் நாடாமல் பத்து ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு) போடலாம். எம்.பி. வழியாகப் போனாலும் நட்சத்திரக் குறியிட்ட கேள்வி, குறியிடாத கேள்வி, குறுகிய கால அறிவிப்புக் கேள்வி, அரை மணி நேர விவாதம் என்று பாதைகள் பிரிகின்றன. பெரும்பாலோர் நட்சத்திரக் கேள்விக்கே ஆசைப்படுகிறார்கள். அமைச்சரே எழுந்து பதில் சொல்வார், தொலைக்காட்சியில் வரும், அதனால் அதற்கு ஒரு கவர்ச்சி. ஆனால் வரி, வங்கி விஷயத்தில் உங்களுக்குத் தேவை எண்கள் என்றால், நட்சத்திரம் இல்லாத கேள்விதான் பல மடங்கு உதவும்.

நட்சத்திரம் உள்ளதும் இல்லாததும்

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 எழுத்துக் கேள்விகள் (நட்சத்திரம் குறியிடாதவை). மாநிலங்களவையில் 15-ம் 160-ம். நட்சத்திரக் கேள்விக்கு வாய்மொழிப் பதில் உண்டு, கேட்ட உறுப்பினருக்குத் துணைக் கேள்விகள் கேட்க வாய்ப்பும் உண்டு. குறியிடாத கேள்விக்கு எழுத்துப்பூர்வ பதில் மட்டும்தான், துணைக் கேள்வி கிடையாது. காகிதத்தில் வித்தியாசம் இவ்வளவே.

நடைமுறை வேறு. மக்களவைக் கேள்வி நேரம் காலை 11 முதல் 12 வரை, மாநிலங்களவையில் பகல் 12 முதல் 1 வரை. அந்த ஒரு மணி நேரத்தில் 20 கேள்விகளில் ஐந்தாறைத் தாண்டுவதே அரிது. அமளி வந்தால் அதுவும் போச்சு. வாய்மொழிக்கு எட்டாத நட்சத்திரக் கேள்விக்குப் பதில் அவையில் வைக்கப்பட்டதாகிவிடும். அதாவது எழுத்துக் கேள்வி மாதிரியே முடியும். போதாக்குறைக்கு, அந்த 20-ல் நிதித் துறைக்கு மட்டும் இடமில்லை. அன்று முறை வரும் மற்ற அமைச்சகங்களும் பங்குக்கு வரும். ஒரு உறுப்பினர் பெயரில் ஒரு நாளில் ஒரு நட்சத்திரக் கேள்விதான் இடம்பெறும், அதையும் குலுக்கல்தான் தீர்மானிக்கும்.

குலுக்கலில் முதல் இருபதுக்குள் வராத நட்சத்திர அறிவிப்பு எழுத்துக் கேள்விப் பட்டியலுக்கு நகர வாய்ப்பு உண்டு. அதனால் நட்சத்திரம் கேட்பதால் எல்லாம் பாழாகிவிடாது. சிக்கல் கேள்வியின் வடிவத்தில்தான் இருக்கிறது. துணைக் கேள்வியில் பிடித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் 'அரசு என்ன நடவடிக்கை எடுத்துள்ளது?' என்று பொதுவாக எழுதியிருப்பார்கள். அது எழுத்துப் பட்டியலுக்கு நகர்ந்தால், ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைகளை அடுக்கிய இரண்டு பக்கம் வரும், ஒரு எண்கூட இருக்காது.

நட்சத்திரம் உண்மையில் பயன்படுவது 'ஏன்' என்று கேட்கும்போது. ஒரு கட்டணத்தை ஒரு பொதுத்துறை வங்கி நீக்கியிருக்க இன்னொன்று ஏன் நீக்கவில்லை என்பது போன்ற கேள்வி. எழுதித் தந்த பதிலைத் தாண்டி அமைச்சர் தன் வாயால் ஒரு நிலைப்பாட்டைச் சொல்ல வேண்டிவரும். அதிகாரிகள் மாடத்திலிருந்து துண்டுச்சீட்டு வந்தாலும், சொல்லும் பொறுப்பு அவருடையது. 'விவரத்தை உறுப்பினருக்கு அனுப்புகிறேன்' என்று சொல்லிவிட்டால் அதுவே ஓர் உறுதிமொழி. அதன் பலனைப் பின்னால் பார்ப்போம்.

வழக்கமான 15 நாள் அறிவிப்பு இல்லாமல் அவசரமாகக் கேட்கும் குறுகிய கால அறிவிப்புக் கேள்வியை நம்பித் திட்டமிட வேண்டாம். அமைச்சர் சம்மதித்தால்தான் அது ஏற்கப்படும்.

'தள்ளுபடி' என்ற ஒரு சொல்

தமிழில் கேள்வியை யோசித்து ஆங்கிலத்திலோ இந்தியிலோ கொடுக்கும்போது அதிகம் சறுக்கும் இடம் இதுதான். நம் பேச்சில் 'கடன் தள்ளுபடி' என்பது இரண்டு வேறு விஷயங்களுக்கு ஒரே பெயர். தமிழ்நாடு அரசு 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. அங்கே கடன் ஒழிந்தது, விவசாயி இனிக் கட்ட வேண்டியதில்லை. இது வேவர் (waiver). வங்கிகள் செய்யும் ரைட் ஆஃப் (write-off) என்பது, இழப்பை ஈடுகட்ட முழுவதும் பணம் ஒதுக்கிவைத்தாகிவிட்ட வாராக்கடனை இருப்புநிலைக் குறிப்பிலிருந்து எடுத்துவிடுவது. கடன்காரரின் பொறுப்பு அப்படியே நிற்கும், வழக்கும் வசூலும் தொடரலாம்.

கேள்வியில் வேவர் என்று எழுதினால், வங்கிகள் அப்படி எதையும் செய்யவில்லை என்று பதில் வரும். அது பொய்யல்ல, கேட்டதற்கு நேரான பதில். ரைட் ஆஃப் என்று கேட்டால்தான் எண் வெளிவரும். 2022 டிசம்பரில் மாநிலங்களவையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அளித்த பதிலில் வந்த எண்கள் இவை: அட்டவணை வணிக வங்கிகள் (ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை) அதற்கு முந்தைய ஐந்து நிதியாண்டுகளில் ரைட் ஆஃப் செய்தது 10,09,511 கோடி ரூபாய். அதே காலத்தில் மொத்த வசூல் 6,59,596 கோடி, அதில் ரைட் ஆஃப் செய்த கணக்குகளிலிருந்து வந்தது 1,32,036 கோடி.

இந்தப் பதிலை எப்படி வாசிக்க வேண்டும்? 1.32 லட்சத்தைப் பத்து லட்சத்தால் வகுத்து '13 சதவீதம் திரும்ப வந்தது' என்று எழுதுவது அவசரம். இந்த ஆண்டு வசூலான தொகை எட்டு ஆண்டுகளுக்கு முன் ரைட் ஆஃப் ஆன கடனிலிருந்தும் வந்திருக்கலாம். மேலே உள்ள எண்ணும் கீழே உள்ள எண்ணும் ஒரே கடன்களைக் குறிக்கவில்லை. சரியான விகிதம் வேண்டுமென்றால் அடுத்த கேள்வி இப்படி இருக்க வேண்டும்: குறிப்பிட்ட ஒரு நிதியாண்டில் ரைட் ஆஃப் ஆன கடன்களிலிருந்து, பின்வந்த ஒவ்வோர் ஆண்டும் வசூலானது எவ்வளவு? இப்படித் தொடர்ந்து கேட்க எழுத்துக் கேள்விதான் தோது. அவையில் இரண்டு நிமிடத்தில் வாயால் கேட்டுப் பெறக்கூடிய எண்ணல்ல இது.

எந்த வங்கிகள் என்பதையும் இதே கவனத்தோடு எழுத வேண்டும். 2023 ஏப்ரலில் உரிமை கோரப்படாத வைப்புத்தொகை 35,012 கோடி ரூபாய் என்று செய்தி வந்தது. அது பொதுத்துறை வங்கிகள் மட்டும், அந்த ஆண்டு பிப்ரவரி வரை, ரிசர்வ் வங்கிக்கு மாற்றிய தொகை. தனியார் வங்கி அதில் இல்லை. 'வங்கிகள்' என்று மொட்டையாக எழுதினால் எந்த வட்டத்துக்குள் பதில் சொல்வது என்பதை அமைச்சகமே முடிவுசெய்யும். தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்க நகைக்கடன் போன்றவை மாநிலக் கூட்டுறவுத் துறையின் பொறுப்பு. அதைச் சட்டமன்றத்தில்தான் கேட்க வேண்டும்.

கேள்வியின் உடம்பு

மக்களவை விதி 41-இன்படி கேள்வி பொதுவாக 150 சொற்களைத் தாண்டக்கூடாது. நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம், எளிதில் கிடைக்கும் ஆவணத்தில் ஏற்கெனவே உள்ள விவரம், கருத்துக் கேட்பது, குற்றஞ்சாட்டுவது எல்லாம் நிராகரிக்கக் காரணங்கள். 'மக்களைச் சுரண்டும் குறைந்தபட்ச இருப்புக் கட்டணத்தை அரசு ஒழிக்குமா?' என்ற வரி இரண்டு இடத்தில் அடிபடும். அதையே இப்படிப் பிரிக்கலாம்:

(அ) 2022-23 முதல் 2024-25 வரை, சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்காகப் பொதுத்துறை, தனியார் வங்கிகள் வசூலித்த தொகை, ஆண்டுவாரியாக, வங்கிவாரியாக;
(ஆ) இந்தக் கட்டணத்தை நீக்கிய வங்கிகள் எவை, எந்தத் தேதியிலிருந்து;
(இ) கட்டணத்தால் மட்டும் கணக்கின் இருப்பு மைனஸுக்குப் போகக்கூடாது என்ற 2014 நவம்பர் ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையை மீறியதாக வந்த புகார்கள் எத்தனை;
(ஈ) அவற்றின் மீது எடுத்த நடவடிக்கை என்ன?

(இ)-யில் சுற்றறிக்கையின் மாதத்தைக் குறிப்பிட்டதால், 'வங்கிகள் தங்கள் வாரியக் கொள்கைப்படி செயல்படுகின்றன' என்று பொதுவாகத் தாண்டிப் போவது கடினமாகிறது. இந்த வகைக் கேள்வி பலன் தரும் என்பதற்கு 2024 ஜூலைப் பதிலே சாட்சி: பொதுத்துறை வங்கிகள் ஐந்து ஆண்டுகளில் சுமார் 8,500 கோடி ரூபாய் இப்படி வசூலித்தது அந்த எழுத்துப் பதிலில்தான் தெரிந்தது. வசூலிப்பதை 2020-லேயே எஸ்.பி.ஐ. நிறுத்திவிட்டது.

ஜி.எஸ்.டி. கேள்விகளில் 'விகிதத்தைக் குறைக்குமா?' என்பது வீண். மத்திய, மாநில அமைச்சர்கள் அடங்கிய ஜி.எஸ்.டி. கவுன்சிலின் பரிந்துரைப்படியே விகிதம் முடிவாகிறது என்ற ஒரு வரியோடு கோப்பு மூடப்படும். அதற்குப் பதில், அந்தப் பொருள் குறித்து எந்த மாநிலம் கோரிக்கை அனுப்பியது, எந்தக் கூட்டத்தில் அது எடுத்துக்கொள்ளப்பட்டது என்று கேளுங்கள். பட்ஜெட்டுக்கு முந்தைய வாரங்களில் வருமான வரி மாற்றம் பற்றிக் கேட்பதும் அப்படித்தான், ஒன்றும் பெயராது.

நாள் கணக்கில் தவறுபவர்களும் உண்டு. முழுதாக 15 நாள் இடைவெளி வேண்டும், அறிவிப்பு கொடுக்கும் நாளும் பதில் நாளும் அதில் சேராது. 17-ஆம் தேதி பதில் என்றால் 1-ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். அண்மைக் கூட்டத்தொடர்களில் நிதித் துறையின் முறை மக்களவையில் திங்கள், மாநிலங்களவையில் செவ்வாய். குளிர்காலத் தொடர் குறுகியது, அதில் நிதிக்கு மூன்று நான்கு நாட்களே வாய்க்கும். தொடர் தொடங்கியபின் எம்.பி. அலுவலகத்துக்கு ஓடினால் முதல் இரண்டு வாரம் கை நழுவிப்போயிருக்கும்.

நழுவலான பதில் வந்தால்

'விவரம் சேகரிக்கப்படுகிறது, அவையில் வைக்கப்படும்', 'விஷயம் பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தால் பலர் காகிதத்தைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் அந்தச் சொற்றொடர்கள் உறுதிமொழி என்று கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுபவை. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அவகாசம் வேண்டுமென்றால் அரசு உறுதிமொழிக் குழுவிடம் கேட்டுப் பெற வேண்டும். எம்.பி. அந்தக் குழுவுக்கு எழுதி, கேள்வி எண்ணும் தேதியும் குறிப்பிட்டு நிலையைக் கேட்கலாம். 'இந்தத் தகவல் தனியே பராமரிக்கப்படுவதில்லை' என்ற பதில் உறுதிமொழி ஆகாது. அந்த வரி வந்தால், வங்கிகள் ரிசர்வ் வங்கிக்கு அனுப்பும் அறிக்கைகளில் எந்தத் தலைப்பில் அந்த எண் இருக்கிறது என்று தேடி, அதே தலைப்பில் மறுபடி கேட்க வேண்டும்.

அரை மணி நேர விவாதம், வந்த பதிலில் உண்மை விவரம் தெளிவாகவில்லை என்பதற்காக உள்ள வழி. மூன்று நாள் முன்னதாக அறிவிப்பு, காரணக் குறிப்போடு. முன்னரே எழுதிக் கொடுத்த நான்கு உறுப்பினர்கள் வரை ஆளுக்கொரு கேள்வி கேட்கலாம், வாக்கெடுப்பு கிடையாது. அனுமதி கிடைப்பது அபூர்வம். மேலே சொன்ன ரைட் ஆஃப் வசூல் விகிதம் மாதிரி, பதிலுக்குள்ளேயே ஓட்டை தெரிகிற இடத்தில் மட்டும் முயலலாம்.

ஆர்.டி.ஐ. எங்கே முந்துகிறது

எண்களின் தொகுப்பில் நாடாளுமன்றம் முந்தும். கோப்பு, கடிதம், குறிப்பு, சுற்றறிக்கையின் நகல் வேண்டுமென்றால் ஆர்.டி.ஐ.தான். கூட்டத்தொடருக்குக் காத்திருக்க வேண்டாம், குலுக்கல் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பின் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய்.

'ஏன் செய்தீர்கள்?' என்று இதில் கேட்கக்கூடாது. கையில் உள்ள ஆவணத்தைத் தருவதே தகவல் அலுவலரின் வேலை, விளக்கம் உருவாக்கித் தருவதல்ல. 'இந்த முடிவு எடுக்கப்பட்ட கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல்' என்று கேட்டால் அந்த 'ஏன்' தானாகவே அதில் இருக்கும். துறையையும் பார்த்து அனுப்புங்கள்: வங்கி என்றால் நிதிச் சேவைகள் துறை, வரி என்றால் வருவாய்த் துறை. மாற்றி அனுப்பினால் பிரிவு 6(3)-இன்படி அனுப்பிவைப்பார்கள்தான், ஆனால் நாட்கள் கரையும்.

பெரிய கடன்காரர்களின் பெயர்ப்பட்டியல் கேட்டால் இரண்டு பாதையிலும் சுவர் இருக்கிறது. நாடாளுமன்றப் பதிலில் ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45E பிரிவைக் காட்டுவார்கள். கடன் தகவல் ரகசியம் என்பது அந்தப் பிரிவு. ஆர்.டி.ஐ.யில் உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பரில் ரிசர்வ் வங்கி தகவலை மறைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. பின்னர் வங்கிகள் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. ஆகவே பெயர் கேட்பதாக இருந்தால் மேல்முறையீடு வரை போகும் பொறுமையோடு ஆர்.டி.ஐ. போடுங்கள். எம்.பி.யின் கேள்வி வாய்ப்பைப் பெயருக்குச் செலவழிக்காமல், எத்தனை கணக்குகள், எந்தத் தொகை வரம்பில், எவ்வளவு வசூல் என்பதற்குப் பயன்படுத்துங்கள்.

உங்களுக்குத் திரும்ப வர வேண்டிய வரித்தொகை (ரீஃபண்ட்) வராமல் நிற்கிறது என்றால் நாடாளுமன்றக் கேள்வி உதவாது. தனி வரிசெலுத்துநரின் விவரத்தை அவையில் சொல்ல மாட்டார்கள். வருமான வரித் தளத்தில் குறைதீர்ப்பு மனுவைப் போட்டுவிட்டு, நகராவிட்டால் அந்த மனு எண்ணைக் குறிப்பிட்டு 'இதன் மீது எடுத்த நடவடிக்கையின் தேதிவாரியான பதிவு' என்று ஆர்.டி.ஐ. கேட்கலாம்.