குளுவாங்கில் ஒரு வறுவல் கடை: உறைகுளிரில் காக்கும் காப்பிக்கொட்டை

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் வட்டாரத்தில் நல்ல காப்பிக்கொட்டைக்குப் பஞ்சமில்லை. மலேசியாவில் விளையும் காப்பியில் பெரும்பங்கு லிபெரிக்கா வகையே என்பதும், ஜொகூரின் சிறு தோட்டங்கள் அதற்குப் பெயர்பெற்றவை என்பதும் இங்குள்ள பலருக்கும் தெரியும். ஆனால் செம்பனைத் தோட்டங்களிலும், எஞ்சியிருக்கும் ரப்பர்த் தோட்டங்களிலும் குடியிருப்பவர்கள், சம்பளம் போட்ட பிறகு மாதத்துக்கு ஒருமுறை டவுனுக்கு வந்து சாமான் வாங்கிப் போகிறவர்கள். அரைக் கிலோ கொட்டையை ஒரே பையில் வாங்கிச் சென்று, அன்றாடம் அந்தப் பையைத் திறந்து மூடினால், மாதக் கடைசியில் கிடைப்பது மணமில்லாத கசப்பு மட்டுமே. இந்தக் குறையைப் போக்குவதற்காக இங்குள்ள சிறிய வறுவல் கடை ஒன்று நடத்திவரும் சேவையைப் பற்றி, அதை நெடுநாளாகப் பயன்படுத்துபவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

கடையை நடத்துபவர் ஒரு தமிழ் இளைஞர். வறுத்த கொட்டையை ஒரு வாரம் போல ஆறவிட்டு, 20 கிராம், 60 கிராம் என்று நிறுத்து, தடித்த பைகளில் போட்டு, காற்றை உறிஞ்சி எடுத்து ஒட்டி, மேல்புறம் திறக்கும் பெரிய உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) அடுக்கிவிடுகிறார். வாடிக்கையாளர் ஒரு கிலோவுக்குப் பணத்தைக் கட்டிவிட்டு, வேண்டிய பொட்டலங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைத் தம் பெயரில் கடையிலேயே விட்டுவைக்கலாம். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

வறுத்த காப்பிக்கொட்டையைக் கெடுப்பவை ஆக்சிஜன், ஈரம், வெப்பம், வெளிச்சம் ஆகிய நான்கும். வறுபடும்போது கொட்டைக்குள் உருவான கரியமில வாயு பல நாள்கள் மெல்ல வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அதனோடு மணப்பொருள்களும் வெளியேறுகின்றன. பிறகு ஆக்சிஜன் உள்ளே புகுந்து கொட்டையிலுள்ள எண்ணெயைச் சிக்குப் பிடிக்க வைக்கிறது. பகலில் 32, 33 டிகிரி செல்சியஸ் வரை ஏறும் வெப்பமும், மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி காயாத அளவுக்கு ஈரமும் உள்ள நம் ஊரில் இவையெல்லாம் விரைந்து நடக்கின்றன. வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் உறைபெட்டியின் மைனஸ் 18 டிகிரியில் கொட்டை பழசாகும் வேகம் எவ்வளவு தணியும் என்பதை எளிதில் ஊகித்துக்கொள்ளலாம். வறுத்த கொட்டையில் நீர்ச்சத்து 5 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே பழங்களுக்கு நேர்வதைப் போல உள்ளே பனிக்கட்டி உருவாகித் திசுக்களைக் கிழித்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

குளிரில் வைத்தால் காப்பி கெட்டுவிடும் என்று சிலர் சொல்வதற்கும் காரணம் உண்டு. அவர்கள் கண்டது பெரும்பாலும் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்த கொட்டை. அங்கே குளிர் 4 டிகிரி அளவில்தான் இருக்கும். கதவு நாள் முழுவதும் திறந்து மூடப்படும். பக்கத்திலேயே பெலாச்சான் என்னும் இறால் விழுதும் கருவாடும் நறுக்கி வைத்த வெங்காயமும் இருக்கும். காப்பிக்கொட்டை நுண்துளைகள் நிறைந்தது, அயல்மணத்தை எளிதில் இழுத்துக்கொள்ளும். ரப்பர் வளையம் போட்டுச் சுருட்டிய பை அதைத் தடுக்காது. மேல்தட்டிலுள்ள உறையறையும் பல வீடுகளில் தானாகவே பனியை உருக்கிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது என்பதால் அதற்குள் வெப்பநிலை ஏறி இறங்குகிறது. கடையிலுள்ள பெட்டி அவ்வகை அன்று. மூடி மேல்நோக்கித் திறப்பதால், திறந்தாலும் கனமான குளிர்க்காற்று அடியிலேயே தங்கிவிடுகிறது.

இந்தச் சேவையின் உண்மையான அருமை பொட்டலத்தின் அளவில் இருக்கிறது. உறைபெட்டியிலிருந்து எடுத்த ஒரு பையை மேசைமேல் வைத்து உற்றுப் பார்த்தால் இது விளங்கும். முதலில் பையின் மேல் வெண்ணிறமாகப் பனி படர்கிறது. சில நிமிடங்களில் அது முத்து முத்தாகத் திரண்டு, பையின் மடிப்புகளில் வழிந்து, மேசையில் சிறு குட்டையாகத் தேங்குகிறது. அந்த நீர் முழுவதும் நம் வீட்டுக் காற்றிலிருந்து வந்தது. பை மூடியிருக்கும் வரை அது வெளிப்புறத்தோடு நின்றுவிடும். குளிர் தணியுமுன் பையைத் திறந்து வைத்தால் கொட்டையின் மேலேயே படியும். பெரிய பையை இப்படி அன்றாடம் எடுத்துத் திறந்து மீண்டும் உள்ளே வைத்தால் ஒவ்வொரு முறையும் கொட்டை நனைகிறது. 20 கிராம் பையில் அந்த இடர் எழுவதே இல்லை: வெட்டியவுடன் முழுவதையும் அரைத்துவிடலாம். 60 கிராம் பை வாங்குவோரிடம் கடைக்காரர், "வெளிய ஈரம் காயுற வரைக்கும் பைய வெட்டாதீங்க அக்கா, வெட்டுனதத் திரும்ப ஐஸ்ல வைக்காதீங்க" என்று தவறாமல் சொல்லி அனுப்புகிறார். பொருளோடு பயன்படுத்தும் முறையையும் சேர்த்துத் தரும் கடைகள் அரிது. இந்தப் பொறுப்புணர்வை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஒரு வாரம் ஆறவிடுவதும் சரியான முடிவே. வறுத்த அன்றே காற்றெடுத்து ஒட்டினால் வெளியேறும் வாயுவால் பை தலையணை மாதிரி உப்பிவிடும்; சில வேளை ஒட்டிய ஓரமே பிரிந்துவிடும்.

சுவையைப் பொறுத்தவரை லிபெரிக்காவைக் கொண்டு சோதிப்பதே நல்லது. 1869 முதல் இலங்கையின் காப்பித் தோட்டங்களை இலைத்துரு நோய் அழித்தபின், அதைத் தாங்கும் என்ற நம்பிக்கையில் இப்பகுதி நாடுகளில் பரவலாக நடப்பட்ட வகை இது. கொட்டை பெரியது, ஒருபுறம் சாய்ந்த வடிவம் கொண்டது. நன்றாக வறுத்த புதுக்கொட்டையில் பலாச்சுளையை நினைவூட்டும் கனமான இனிப்பு மணம் எழும். பழசாகும்போது முதலில் மறைவது அந்த மணம்தான். ஒரே நாளில் வறுத்த கொட்டையில் ஒரு பங்கை அலமாரியிலும் மறு பங்கை உறைகுளிரிலும் வைத்து, ஒரு மாதம் கழித்துத் துணி வடிகட்டியில் பால் சேர்க்காமல் இறக்கிப் பார்த்தேன். அலமாரிக் கொட்டையில் மரத்தூளின் வாடையும் நாக்கில் தங்கும் கசப்பும் மிஞ்சியிருந்தன. உறைகுளிரில் இருந்ததை அரைக்கும்போதே பலா மணம் சமையலறை முழுவதும் பரவியது. குடிக்கும்போது நடுநாக்கில் அந்த இனிப்பு தெளிவாகத் தெரிந்தது. கடையில் புதிதாக வாங்கியதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் மூச்சில் எழும் மணம் சற்றுத் தணிந்திருந்தது. ஆயினும் ஒரு மாதப் பழசு என்று யாரும் நம்பமாட்டார்கள்.

உறைந்த கொட்டையை அப்படியே அரைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2016இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வந்த ஆய்வு ஒன்று, கொட்டையின் வெப்பநிலை குறையக் குறையத் தூள் நுண்மையாகவும் சீராகவும் விழுவதைக் காட்டியது. அறை வெப்பத்திலிருந்து திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரி வரை அதில் சோதித்திருந்தார்கள். வீட்டு அரைவை இயந்திரத்திலும் இந்த வேறுபாடு தெரிகிறது. உறைந்த கொட்டை அதன் பல்லில் மாட்டும்போது சத்தம் கூர்மையாக இருக்கும். தூள் மெல்லியதாக விழுவதால் வழக்கத்தைவிட ஒரு படி பெருந்தூளாக அரைவையைத் திருப்பிக்கொள்ள வேண்டும், இல்லையேல் வடிகட்டியில் அடைத்துக்கொண்டு காப்பி கடுத்துவிடும்.

குறைகளும் உண்டு. பையின் மேல் வறுத்த நாளை மைப் பேனாவால் எழுதுகிறார்கள்; பை வியர்த்ததும் எழுத்து கரைந்து விரலில் ஒட்டிக்கொள்கிறது. உறையவைத்த நாளோ எழுதப்படுவதே இல்லை. இவ்விரண்டையும் அச்சிட்ட ஒட்டுத்தாளில் தருவது பெரிய செலவில்லை. சிறு பைகள் குவிக்கும் பிளாஸ்டிக்கும் மனத்தை உறுத்துகிறது. தடித்த பையை வெட்டியபின் வேறெதற்கும் பயன்படுத்த முடிவதில்லை. மேலும், சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கும் கோப்பிக்கடைக் கொட்டையையும், முன்பே அரைத்த தூளையும் அதே பெட்டியில் வைத்து அதே சிறப்போடு விற்கிறார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. சீனிப்பூச்சு ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. பை திறந்ததும் கொட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி அரைவையின் வாயில் நின்றுவிடுகின்றன. தூளிலோ, அரைத்த சிறிது நேரத்திலேயே மணத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. போன பிறகு எத்தனை குளிரில் வைத்தாலும் அது திரும்பாது.

தொலைவில் உள்ள தோட்டங்களிலிருந்து வருவோருக்கு வேறொரு கவலை. மோட்டார்சைக்கிள் பெட்டியில் ஒரு மணி நேரம் வெயிலில் போனால் பொட்டலங்கள் வீடு சேருமுன்பே குளிர் விட்டுவிடும். பை மூடியிருப்பதால் கொட்டை நனையாது. ஒருமுறை இளகியதை மூடியபடியே மீண்டும் உறையவைத்தால் பெருங்கேடும் விளையாது. ஆனாலும் கடை குளிரைக் காக்கும் ஒரு பொலிபோம் பெட்டியை முன்பணத்துக்கு இரவல் கொடுத்தால் நன்றாயிருக்கும். மாலை இடியில் மின்சாரம் போனால் கடையில் விட்டுவைத்த கொட்டை என்னாகும் என்று கேட்பவர்களும் உண்டு. நிறைய அடுக்கிய உறைபெட்டி, மூடியைத் திறக்காமல் இருந்தால், ஏறத்தாழ 48 மணி நேரம் குளிரைத் தக்கவைத்துக்கொள்ளும்.

நாளுக்கு ஒன்றிரண்டு கோப்பை மட்டும் குடிக்கும் சிறு குடும்பங்களும், வேலை முடிந்து வந்து தனக்கென்று ஒரு கோப்பை நல்ல காப்பி வேண்டுமென்று நினைப்பவர்களும் தயங்காமல் இந்தக் கடையை நாடலாம். வாரத்துக்கு அரைக் கிலோ தீர்ந்துபோகும் பெரிய வீடுகளுக்கு இது தேவைப்படாது. காற்றுப் புகாத டின் போதும். புதிதாகப் போகிறவர்கள் சீனி சேர்க்காத லிபெரிக்காக் கொட்டையை 20 கிராம் பொட்டலங்களாகக் கேட்டு வாங்கட்டும். வறுத்த நாளை அவர்கள் எழுதும்போதே கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளட்டும்.