மாடல் விமானத்துக்கு வண்ணம் பூச எந்தப் போர்க்காலப் படத்தை நம்பலாம்?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா, ஜெர்மனி இரு தரப்பும் எடுத்தவை பிரச்சாரப் படங்கள்தான். ஆனாலும் வித்தியாசம் உண்டு.

நிறம்: அமெரிக்கப் போர்த் தகவல் அலுவலகத்துக்காக 1942-இல் ஆல்ஃபிரட் பால்மர் கோடாக்ரோம் என்ற வண்ண ஃபிலிமில் எடுத்த படங்கள் இன்றும் பளிச். ஜெர்மனியின் வண்ண ஃபிலிமான அக்ஃபாகலர் அந்த அளவுக்குத் தாங்கவில்லை.

நம்பகம்: பால்மர் படத்தில் தொழிற்சாலைப் பெண்கள் லிப்ஸ்டிக்கோடு விளக்கொளியில் போஸ் கொடுப்பார்கள், பக்கத்தில் இருக்கும் ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) வரிசை நிஜம். ஜெர்மானியர்களோ 1940-இல், படையில் சேராத ஹெயின்கெல் 100 விமானங்களுக்குப் போலிச் சின்னங்களை மாற்றி மாற்றிப் பூசி, ‘ஹெயின்கெல் 113’ என்ற புதுப் போர் விமானம் என்று படம் காட்டினார்கள். பிரிட்டிஷ் விமானிகளே அதோடு வானில் சண்டையிட்டதாக அறிக்கை எழுதினார்கள்!

கிடைப்பது: பால்மர் படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத் தளத்தில் இலவசம்.

பூச்சு நிறத்துக்குப் பால்மர். களத்து அழுக்கு, புகைக்கறைக்கு ஜெர்மன் படங்கள். சின்னத்தை மட்டும் வேறிடத்தில் சரிபாருங்கள்.