அரை நாள் சிற்றி ரூர்: சிங்கப்பூர் பக்கேஜில் கவனிக்க வேண்டியது

யாழ்ப்பாணத்தில் விற்கிற சிங்கப்பூர் பக்கேஜுகளில் ‘அரை நாள் சிற்றி ரூர்’ பெரும்பாலும் இருக்கும். சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மேர்லயன் சிலை, சைனா ரவுண், லிற்றில் இந்தியா, சிலவேளை தாவரவியல் பூங்கா. முழங்கால் வருத்தக்காரருக்கும் கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும் வாகனத்தில் ஏற்றி இறக்குவது பெரிய உதவிதான். மற்றவர்கள் காசு கட்ட முன்னர் ஒன்றைக் கேளுங்கள்: காலையா, பின்னேரமா?

மேர்லயன் கிழக்குப் பார்த்து நிற்கிறது. காலையில் முகத்தில் வெயில் விழும். பின்னேரம் வெயில் முதுகுப் பக்கம் போய்விடும், படத்தில் சிலை கறுத்துப்போகும். 8.6 மீற்றர் உயரமும் 70 தொன் பாரமும் கொண்ட இந்தச் சிலையை 1972 இல் வைத்தார்கள், ஆனால் இப்போது நிற்கிற இடத்தில் அல்ல. 1997 இல் எஸ்பிளனேட் பாலம் வந்து கடற்பக்கப் பார்வையை மறைத்தது. அதனால் 2002 இல் 120 மீற்றர் அளவு தள்ளி நகர்த்தினார்கள். பார்க்க இருபது நிமிடம் தாராளம்.

சைனா ரவுணில் உள்ள சவுத் பிரிட்ஜ் வீதி மாரியம்மன் கோயில் 1827 இல் நாராயண பிள்ளை தொடக்கியது. அவர் 1819 இல், சிங்கப்பூரில் பிரித்தானியக் குடியேற்றத்தைத் தொடக்கிய ராபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்தவர். நம் ஊர்க் கோயில்களைப்போல மதியத்தோடு நடை சாத்தி மாலையில்தான் திறப்பார்கள். பின்னேர ரூரில் போனால் கோபுரத்தை வெளியில் நின்று பார்ப்பதோடு சரி. அருகே தெலுக் ஆயர் வீதியில் சீனர்களின் தியான் ஹொக் கெங் கோயில் இருக்கிறது. 1840 அளவில் அது கடற்கரைக் கோயில். இன்று வாசலில் நின்றால் கடல் தெரியாது, இடையில் இருப்பதெல்லாம் மண் போட்டு நிரப்பிய நிலம். வழிகாட்டி இதைச் சொல்லாவிட்டால் நீங்களாகக் கேளுங்கள். நகரம் எப்படி விரிந்தது என்பது அந்த ஒரு வீதியிலேயே விளங்கும்.

இந்த ரூரின் பெரிய குறை, யாழ்ப்பாணத்து ஆட்கள் பார்க்க வேண்டிய இடம் அதில் இல்லாததுதான். கட்டோங்கில் சிலோன் வீதி என்றே ஒரு வீதி உண்டு. அங்குள்ள செண்பக விநாயகர் கோயில் இலங்கைத் தமிழர் சங்கத்தின் பொறுப்பில் இருக்கிறது. மரீன் பரேட் ரயில் நிலையத்தில் இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடக்கலாம். காலைப் பூசைக்குப் போவது நல்லது.

பார்க்க வேண்டிய அடுத்த இடம் பழைய மாநகர மண்டபம். 1945 செப்ரெம்பர் 12 அன்று யப்பானியர் சரணடைந்த கட்டடம், இப்போது தேசியக் கலைக்கூடம். முன்னர் 1942 பெப்ரவரி 15 அன்று பிரித்தானியர் சரணடைந்தது புக்கிற் தீமா வீதியிலிருந்த போர்ட் கார்த் தொழிற்சாலையில். அதுவும் இப்போது காட்சியகம்தான். சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டமைச்சர் எஸ். இராஜரத்தினம் 1915 இல் பிறந்தது வட்டுக்கோட்டையில். அந்நாட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சொல்லும் உறுதிமொழியை 1966 இல் எழுதியவர் அவர்தான். சிற்றி ரூரில் இந்தப் பெயர் வராமலே போய்விடக்கூடும்.

தனியாகச் சுற்றுவது கடினமல்ல. தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டையே ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் போதும், வெளிநாட்டு அட்டைக்குச் சிறு மேலதிகக் கட்டணம் உண்டு. பலர் பிழைவிடுவது ஒரே அட்டையில் முழுக் குடும்பத்தையும் கொண்டுபோகப் பார்ப்பதில்தான். ஆளுக்கொரு அட்டை வேண்டும், உள்ளே போகத் தொட்ட அட்டையையே வெளியே வரவும் தொட வேண்டும். ரயிலுக்குள் தண்ணீர் குடித்தாலும் குற்றம். தாவரவியல் பூங்காவுக்கு அனுமதி இலவசம், உள்ளே இருக்கும் ஓர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம்.

இலங்கைக் கடவுச்சீட்டுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை. வருகை அட்டையைப் போய் இறங்கும் நாளோடு முடிகிற மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பலாம். அது இலவசம், ‘விசாக் கட்டணம்’ என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். வெற்றிலை போடுகிறவர்கள் புகையிலையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். மெல்லும் புகையிலையை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகத் தடை. சுயிங்கமும் வேண்டாம்.