32 பல் மாடல் பெட்டி: மூன்று மாதம் பயன்படுத்திய பிறகு

பல் மருத்துவப் படிப்பான பி.டி.எஸ். முதலாம் ஆண்டு படிக்கிறேன். மதுரை கோரிப்பாளையம் பக்கம் ஒரு கடையில் 32 நிரந்தரப் பற்களும் தனித்தனியாக, நிஜ அளவைவிடப் பெரிதாகச் செய்த பிளாஸ்டிக் மாடல் பெட்டியும் பல் வடிவம் செதுக்குவதற்கு மெழுகுக் கட்டிகளும் வாங்கினேன்.

மேல் முதல் மோலார்தான் (கடைவாய்ப் பல்) இதில் அருமை. மூன்று வேர்களில் அண்ணத்தின் பக்கம் இருப்பது நீளமாக, விலகி நிற்கிறது. மெல்லும் பரப்பில் குறுக்காக ஓடும் சாய்வு மேட்டை விரலால் தடவியே கண்டுபிடிக்கலாம், உட்பக்கம் கூடுதலாக இருக்கும் காரபெல்லி முகடுகூடச் சின்னதாகத் தெரிகிறது, படத்தில் பத்து தடவை பார்த்தும் புரியாதது கையில் வைத்துத் திருப்பியதும் புரிந்துவிட்டது.

ஆனால் மேல் முதல் ப்ரீமோலாரில் (முன்கடைவாய்ப் பல்) கோட்டை விட்டிருக்கிறார்கள். அதன் கோரைப்பல்லை நோக்கிய பக்கத்தில், கழுத்தை (பல்லின் தலைப்பகுதியும் வேரும் சேரும் இடம்) ஒட்டி ஒரு குழிவு இருக்க வேண்டும். வலதா இடதா என்று சொல்ல அதுதான் பெரிய துப்பு. இதில் வழவழவென்று இருக்கிறது. அந்தப் பல்லுக்கு மட்டும் கல்லூரியில் இருக்கும் நிஜப் பல்லைப் பாருங்கள், மாடலை நம்ப வேண்டாம்.

அப்புறம் மெழுகு. நம்ம மதுரை சித்திரை வெயிலில் மதியம் செதுக்க உட்கார்ந்தால் கையிலேயே இளகி, முகடுகள் எல்லாம் மழுங்கிப் போகின்றன. நான் விடியற்காலையில்தான் செதுக்குகிறேன், நடுவில் தண்ணீரில் போட்டு எடுக்கிறேன். கீழ் முதல் மோலாரின் ஐந்து முகடுகளும் அப்படித்தான் ஒழுங்காக வந்தன.

பெட்டியைத் தாராளமாக வாங்கலாம். மெழுகை மட்டும் கொஞ்சம் கெட்டியானதாகக் கேட்டு வாங்குங்கள்.